சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பின்னணி இரைச்சல்: தூங்கவும் படிக்கவும் அமைப்பது எப்படி

பின்னணி இரைச்சல் என்பது நாமே வேண்டுமென்று போட்டுவைக்கும் ஒரே சீரான ஓசை. அது வெளியிலிருந்து வரும் சத்தத்தை அழிக்காது. சத்தத்தின் தாவலைத்தான் குறைக்கும். நள்ளிரவில் படுக்கையறை 33 டெசிபெல்லில் இருக்கிறது, சன்னலுக்கு எதிரே மேம்பாலத்தில் எம்ஆர்டி ரயில் ஓடும்போது அது 52ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாவல் 19. ஒரே சீரான ஓசையால் அறையை 43க்கு ஏற்றி வைத்தால், அதே ரயிலுக்குத் தாவல் ஏறத்தாழ 9தான். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்காகக் கேட்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று புரியும். தூங்குபவரை எழுப்புவது பெரும்பாலும் இந்தத் தாவல்தான். அதனால்தான் மழை கொட்டும் இரவில் நன்றாகத் தூங்கிவிட்டு, நிசப்தமான இரவில் மேல்வீட்டு நாற்காலி நகர்ந்ததும் விழித்துக்கொள்கிறோம்.

ஏற்கெனவே அமைதியான வீட்டில் நன்றாகத் தூங்குபவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. தூக்கத்துக்கு இரைச்சல் உதவுகிறதா என்று நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021ல் 'ஸ்லீப் மெடிசின் ரிவியூஸ்' இதழில் வந்த கட்டுரை, ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்றே முடித்தது. தொந்தரவு செய்யும் சத்தம் ஒன்று இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

எந்தச் சத்தம் என்று முதலில் பிடியுங்கள்

ஒலியளவு காட்டும் செயலி ஒன்று வேண்டும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் ஐஃபோனுக்கு இலவசமாகத் தரும் ஒலிமானிச் செயலி நம்பகமானது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் மைக் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், செயலி காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல் இரண்டு அளவீடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செயலியை 'ஏ' எடைமுறையில் (காது கேட்கும் விதத்துக்கேற்ப அளக்கும் முறை), மெதுவாக நகரும் ('ஸ்லோ') நிலையில் வையுங்கள். கைப்பேசியைத் தலையணை மேல் வைத்து, மைக் மூடாமல் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். தொந்தரவு வரும் நேரத்தில் மறுபடி அளந்து உச்சத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தாவல். அது 10க்குள் இருந்தும் தூக்கம் வரவில்லையென்றால் சத்தத்தின் மேல் பழிபோடாதீர்கள். சூடு, வெளிச்சம், மாலையில் குடித்த காப்பி என்று வேறு பக்கம் தேடுங்கள்.

மறைக்கக் கூடியவை: சாலை ஓட்டம், தாழ்வாரப் பேச்சு, கூடத்துத் தொலைக்காட்சி, தூரத்துப் புல்வெட்டும் இயந்திரம், பறவைகள். இவை காற்றுவழியே வருபவை.

மறைக்க முடியாதவை: மேல்வீட்டில் குதிகால் ஊன்றி நடப்பது, நாற்காலி இழுப்பது, இடிக்கும் துளைபோடும் வேலை. இவை கான்கிரீட் தளம்வழியே, தாழ்ந்த சுருதியில், சட்டென்று வருகின்றன. இவற்றை மறைக்கும் அளவுக்கு ஓசையை ஏற்றினால் அந்த ஓசையே தூங்க விடாது. (கோலி உருள்வதுபோல் நடுநிசியில் கேட்கிறதே என்று பலர் மேல்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பல நேரம் குழாய்களில் நீரழுத்தம் மாறும்போது வரும் சத்தம் அது என்பதுதான் பொதுவான விளக்கம்.) புதுப்பிப்புப் பணிக்கு வீவக விதித்த நேரங்கள் உண்டு. சுவர் உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலை வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. வேலை எத்தனை நாள் நடக்கும் என்ற அறிவிப்பை மின்தூக்கி அருகே பார்த்து, இரவுப்பணி முடித்து வந்து பகலில் தூங்குபவர்கள் அந்த நாள்களுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வதே மேல்.

ஓசை எழுப்பும் முன் ஓசை நுழையும் வழியைப் பாருங்கள். அறைக்கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கூடத்துப் பேச்சு முழுதும் அதன்வழி வரும். கதவடியில் ஒட்டும் ரப்பர் பட்டையை வன்பொருள் கடைகளில் சில வெள்ளிக்கு வாங்கலாம். இழுவைச் சன்னலின் ஓரப் பட்டை காய்ந்து சுருங்கியிருந்தால் மாற்றுங்கள். இங்கே 3, 4 டெசிபெல் குறைந்தால் பின்னணி ஓசையையும் அந்த அளவுக்குக் குறைத்து வைக்கலாம்.

காத்தாடியே போதும், சரியாக வைத்தால்

சிங்கப்பூரில் வெள்ளை இரைச்சல் இயந்திரம் (தூங்குவதற்காக ஒரே சீரான ஓசை எழுப்பும் கருவி) வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு. 16 அங்குல நிற்கும் காத்தாடி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதன் காற்றோசை எந்த இடத்திலும் திரும்பத் தொடங்காது, விளம்பரம் போடாது, வெக்கையையும் தணிக்கிறது. 50 வாட் காத்தாடி எட்டு மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் இரவுக்கு 12 காசு.

ஆனால் அழுக்குக் காத்தாடி ஓசை தராது, முனகும். சுத்தம் செய்யும் முறை இது. செருகியைக் கழற்றுங்கள். முன்கூண்டின் பிடிப்புகளை விடுவித்து எடுங்கள். இறக்கையின் நடுவில் உள்ள மூடி பெரும்பாலான மாடல்களில் தலைகீழ் மரை கொண்டது; கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். இதைத் தெரியாமல் மறுபக்கம் முறுக்கி மூடியை உடைப்பவர்கள் அதிகம். இறக்கையைச் சோப்பு நீரில் கழுவி, மூன்று இறக்கையிலும் ஒரே அளவு தூசி போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மிச்சம் இருந்தால் எடை சமன் குலைந்து 'டக், டக்' என்று அடிக்கும். தண்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கூண்டின் கம்பி கிடுகிடுத்தால் பிடிப்புக்கும் கம்பிக்கும் நடுவில் துணிப் பட்டை ஒன்றைச் செருகினால் நிற்கும்.

வைக்கும் விதம்:

தலை திரும்பும் பொத்தானை அணைத்து வையுங்கள். காத்தாடி பக்கம் மாறும்போது ஓசையும் ஏறி இறங்கும். நமக்கு வேண்டியது ஏற்ற இறக்கமில்லாத ஓசை.

காற்று வேண்டாம், ஓசை மட்டும் வேண்டுமென்றால் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சுவரைப் பார்த்து வையுங்கள்.

கீழே மடித்த யோகா பாய் போடுங்கள். மோட்டார் அதிர்வு தளம்வழியே கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும். நமக்கு இதமான ஓசை அவர்களுக்கு ஊமை முனகலாகக் கேட்கும்.

இப்போது விற்கும் நேர்மின்னோட்ட (டிசி) காத்தாடிகள் முதல் இரண்டு வேகத்தில் அநேகமாகச் சத்தமே போடாது. காற்றுக்கு நல்லது, மறைப்புக்கு உதவாது. அப்படிப்பட்ட வீட்டில் ஒலிபெருக்கிதான் வழி.

ஏர்கான் போட்டுத் தூங்குபவர்கள் காற்று வேகத்தை 'ஆட்டோ'வில் விடாதீர்கள். அறை குளிர்ந்ததும் வேகம் தானே இறங்கும், சூடேறியதும் ஏறும்; இரவு முழுதும் சின்னச் சின்னத் தாவல்கள். வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தி, வெப்பநிலையை 25 டிகிரியில் வையுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத பழைய இயந்திரமானால் அமுக்கி (கம்பிரசர்) நின்று நின்று ஓடும். அந்தத் தொடக்க உறுமலை மறைக்கக் காத்தாடியையும் சேர்த்துப் போடுவது நல்லது. 'களக் களக்' என்று தண்ணீர்ச் சத்தம் வந்தால் வடிகுழாயைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கு மேல் ஓசை போட்டு மூடிவைத்தால் சில வாரத்தில் மெத்தை மேல் சொட்டும்.

வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு

வெள்ளை இரைச்சலில் எல்லா அதிர்வெண்ணிலும் ஆற்றல் சமம். அதனால் காதுக்குக் கூர்மையாக, 'ஸ்ஸ்' என்று கேட்கும். இளஞ்சிவப்பில் ஒவ்வொரு ஸ்தாயி மேலே போகும்போதும், அதாவது அதிர்வெண் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும், 3 டெசிபெல் குறைகிறது, அடைமழைபோல் இருக்கும். பழுப்பில் 6 டெசிபெல் குறைகிறது. தூரத்து அருவியின் உறுமல்.

எது நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. எந்தச் சத்தத்தை மறைக்க வேண்டுமோ அதே அதிர்வெண்களில் ஆற்றல் உள்ள ஓசைதான் அதை மறைக்கும். மனிதப் பேச்சைப் புரிய வைக்கும் பகுதி பெரும்பாலும் 250 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள். பேச்சை மறைக்க இளஞ்சிவப்பு வேண்டும். லாரி, பேருந்து, ஏர்கான் அமுக்கி ஆகியவற்றுக்குப் பழுப்பு.

ஆனால் பழுப்பைக் கைப்பேசியிலோ உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியிலோ போடாதீர்கள். ஒலிபெருக்கிக்குள் அதிரும் அவ்வளவு சிறிய கூம்பால் தாழ்ந்த அதிர்வெண்களை எழுப்ப முடியாது. ஓசை மெலிந்து கேட்கிறதே என்று கூட்டுவீர்கள், கூம்பு கரகரக்கத் தொடங்கும். சிறிய ஒலிபெருக்கிக்கு இளஞ்சிவப்பே சரி. பழுப்புக்குத் தொலைக்காட்சியின் சவுண்ட்பார் அல்லது குறைந்தது நான்கு அங்குலக் கூம்பு உள்ள பெட்டி வேண்டும்.

ஐஃபோனில் ஓசைகள் உள்ளேயே இருக்கின்றன: செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, ஆடியோ விஷுவல், பேக்ரவுண்ட் சவுண்ட்ஸ். ஐஓஎஸ் 15 முதல் இது உண்டு. 'பேலன்ஸ்ட்', 'பிரைட்', 'டார்க்' என்று மூன்று இரைச்சல்களும் கடல், மழை, ஓடை ஓசைகளும் இருக்கும். 'டார்க்' பழுப்பின் பக்கம், 'பிரைட்' வெள்ளையின் பக்கம். கூகல் கடிகாரச் செயலியில் 'பெட்டைம்' பகுதிக்குள் தூக்க ஓசைகள் கிடைக்கும். யூடியூபில் எட்டு மணி நேரக் காணொளி போட்டால், கட்டணம் கட்டாதவர்களுக்கு நடுவில் விளம்பரம் குறுக்கிட்டுக் கத்தலாம்.

தானே தயாரிக்க விரும்புவோருக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 'ஜெனரேட்' பட்டியலில் 'நாய்ஸ்' என்பதைத் தெரிவு செய்து, வகை 'பிங்க்', வீச்சு 0.5, நேரம் ஒரு மணி என்று கொடுங்கள். கூர்மை உறுத்தினால் 'லோ-பாஸ் ஃபில்டர்' எடுத்து 2,000 ஹெர்ட்ஸ், ஸ்தாயிக்கு 6 டெசிபெல் என்று வெட்டுங்கள். ஒற்றைத் தடமாக, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஏறத்தாழ 318 மெகாபைட் வரும். எம்பி3ஆகச் சேமித்தால் அந்த வடிவம் முன்னும் பின்னும் நுண்ணிய வெற்றிடத்தைச் சேர்க்கும். கோப்பு திரும்பத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஓசை ஒரு கணம் அறுபடும். விழிப்பாக இருக்கும்போது அது தெரியாது. லேசான தூக்கத்தில் தெரியும்.

எங்கே, எவ்வளவு

ஒலிபெருக்கியைத் தலைமாட்டில் வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. சத்தம் வரும் வழியில் வையுங்கள்: சாலைச் சத்தத்துக்குச் சன்னலோரம், பேச்சுக்குக் கதவோரம். உங்களிடமிருந்து இரண்டு மீட்டராவது தள்ளியிருக்கட்டும். அப்போது தொந்தரவும் மறைப்பும் ஒரே திசையிலிருந்து வருவதால் இரண்டையும் காது எளிதில் பிரித்துப் பார்க்காது. மேசை அதிராமல் இருக்க அடியில் மடித்த துண்டு போட்டு, கூம்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

ஓசையைப் பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். தொந்தரவு 'இருக்கிறது, ஆனால் இழுக்கவில்லை' என்ற இடத்தில் நிறுத்தித் தலையணையில் அளந்து பாருங்கள். பெரியவர்களுக்கு 40 முதல் 45 போதும். 50ஐத் தாண்டவேண்டியிருந்தால் ஓசையின் நிறமோ இடமோ தப்பு. படுக்கையறையில் தொடர் ஓசைக்கு 30 டெசிபெல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் 1999ல் தந்த வழிகாட்டி அளவு. நாம் அதற்கு மேல் போவது தாவலைக் குறைப்பதற்காக மட்டும். தேவைக்கு மேல் ஒரு டெசிபெல்கூட லாபமில்லை.

ஓசை அணையும் நேரத்தை யோசித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அணையும்படி வைத்தால் தூக்கம் பிடிக்க உதவும், ஆனால் விடியற்காலையில் அறை மறுபடி நிசப்தம். சிங்கப்பூரில் சூரியன் 7 மணியையொட்டி எழுகிறது. குயில் 5 மணிக்கே தொடங்கிவிடும். குயிலைப் பாடாத தமிழ்ப் புலவர் இல்லை, அவர்களில் யாரும் ஈசூன் வட்டாரத்தில் பத்தாம் மாடியில் மரத்து உச்சிக்கு நேரெதிரே படுத்ததில்லை. ஆண்குயிலின் கூவல் ஒவ்வொன்றும் முந்தியதைவிட உயர்ந்து, உரத்து, உச்சத்தில் சட்டென நின்று, மறுபடி அடியிலிருந்து தொடங்கும். தூக்கத்தைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. ஆகவே ஓசை காலை 7 வரை ஓடட்டும். இரவு முழுதும் வேண்டாம் என்பவர்கள், 4.30க்குத் தொடங்கும்படி நேரங்காட்டிச் செருகியில் காத்தாடியைப் போடலாம். பொத்தான் அழுத்தி வேகம் மாற்றும் பழைய காத்தாடிக்குத்தான் இது சரிவரும். தொலைக்கட்டுப்பாட்டுக் காத்தாடிகளில் பெரும்பாலானவை மின்சாரம் வந்தாலும் அணைந்த நிலையிலேயே நிற்கும்.

புளூடூத் ஒலிபெருக்கியானால் மின்செருகியிலேயே வைத்திருங்கள். மின்கலம் தீரும்போது விடிகாலை 3 மணிக்கு 'பீப்' போடும். கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்து, புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்குங்கள். இல்லையென்றால் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கங்கள் ஒலிபெருக்கி வழியே வரும். விமான நிலையிலும் அலாரம் அடிக்கும். அது ஒலிபெருக்கியிலா கைப்பேசியிலா என்று ஒரு பகலில் சோதித்துப் பாருங்கள். கூடவே, அறைக்கதவைச் சாத்தி ஓசையைப் போட்டுவிட்டு, கூடத்தில் தீ எச்சரிக்கைக் கருவியின் சோதனைப் பொத்தானை ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் இக்கருவி கட்டாயம். பக்கத்து அறையில் முதியவர் இருந்தால் அவர் கூப்பிடும் குரலும் கேட்கவேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீடு

குழந்தைகளுக்கான 14 தூக்க இயந்திரங்களை அளந்து 2014ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. உச்ச அளவில், 30 சென்டிமீட்டர் தூரத்தில், அத்தனையும் 50 டெசிபெல்லைத் தாண்டின. மூன்று 85ஐத் தாண்டின. மருத்துவமனைக் குழந்தை அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை 50. ஆகவே குழந்தையின் தலை இருக்கும் இடத்தில் அளந்து, 50க்குக் கீழே வையுங்கள். தூரம் இரண்டு மீட்டருக்குக் குறையக்கூடாது. தொட்டில் கம்பியிலோ, தூளி தொங்கும் சுருள்வில்லிலோ கைப்பேசியைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். ஓசை காதருகே வரும், கைப்பேசி கழன்று குழந்தைமேல் விழவும் கூடும். குழந்தை தூங்கியதும் ஓசையைக் குறையுங்கள். இரவு முழுதும் ஓட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

படிப்புக்கு

படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் சொற்கள். கூடத்தில் வசந்தம் ஒளிவழியின் தொடர் ஓடினால், வேண்டாம் என்றாலும் மூளை வசனத்தைப் பின்தொடரும். அதனால் இங்கே சோதனை எளிது: படிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் யாரோ பேசுவது கேட்கலாம், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடக்கூடாது. இளஞ்சிவப்பு இரைச்சலைக் கதவோரம் வைத்து, 45 முதல் 50 டெசிபெல்லுக்குள் அந்த நிலையை எட்டப் பாருங்கள். அதற்குள் எட்டவில்லையா, தொலைக்காட்சியைக் குறைக்கச் சொல்வதே மலிவான வழி.

பாட்டு கேட்டுக்கொண்டே கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். தெரிந்த மொழியில் வரிகள் உள்ள பாட்டு, வாசிப்பதையும் எழுதுவதையும் இடறும். துணி மடிக்கும்போது கேட்கட்டும்.

2024ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், கவனக்குறைவுக் கோளாறு (ஏடிஎச்டி) உள்ள சிறுவர்களுக்கும் இளையர்களுக்கும் வெள்ளை, இளஞ்சிவப்பு இரைச்சல்கள் சிறிதளவு உதவின. கோளாறு இல்லாதவர்களிடம் அதே ஓசை செயல்பாட்டைச் சிறிதளவு குறைத்தது. பழுப்பு இரைச்சலைச் சோதித்த ஆய்வு ஒன்றும் அதில் இல்லை. ஆகவே சமூக ஊடகத்தில் பழுப்பைப் பற்றிச் சொல்லப்படும் அற்புதங்களைத் தள்ளுபடி செய்துவிடலாம். அமைதியான அறையில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இரைச்சலைக் கொடுக்காதீர்கள்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வோ சாதாரண ('ஓ') நிலைத் தேர்வோ எழுதப்போகும் பிள்ளைகளுக்குக் கடைசி மாதத்தில் மாதிரித்தாள்களை ஓசையில்லாமல் செய்யவைப்பது நல்லது. தேர்வு மண்டபத்தில் இளஞ்சிவப்பு இரைச்சல் கிடைக்காது. பின்னிருக்கைக்காரர் பேனாவைத் தட்டும் சத்தம்தான் கிடைக்கும்.

ஓசை குறைக்கும் ஹெட்ஃபோன் ஏர்கான், பேருந்து போன்ற தாழ்ந்த தொடர் ஓசைகளை நன்றாக அடக்கும், பேச்சை அவ்வளவாக அடக்காது. அதில் மெல்லிய இளஞ்சிவப்பைச் சேர்த்தால் பேச்சும் மங்கும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். படிப்புக்கு அதன் அருகே போகவே தேவையில்லை. காதுக்குள் செருகுவதைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் தூங்காதீர்கள். இந்த ஈரப்பதத்தில் காது வியர்த்து, குரும்பி அடைத்து, அரிப்பும் தொற்றும் வரும்.

கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்றால்

போன மாதம் போதுமாக இருந்த அளவு இப்போது போதவில்லை என்றால் மறுபடி அளந்து பாருங்கள். வெளியே சத்தம் கூடியிருக்கலாம், காத்தாடியில் தூசி படிந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், ஓரிரு வாரம் இரவுக்கு 2 டெசிபெல் என்று குறைத்துப் பழைய அளவுக்குத் திரும்புங்கள். ஓசையை அணைத்ததும் காதில் ஊதல் கேட்டு, அது நாள்கணக்கில் நீடித்தால் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் படுப்பவரின் குறட்டையை மறைக்கத்தான் இதெல்லாம் என்றால், முதலில் சில இரவுகள் ஓசை போடாமல் கவனியுங்கள். குறட்டை நடுவில் நின்று, சில வினாடி மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு மூச்சு திரும்பினால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். கைப்பேசியில் பதிவு செய்து பலதுறை மருந்தகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள்.